இரண்டு பிராது

கீதாஞ்சலிக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். சிவஞானம் என்கிற அந்த ஆளை இடது பக்கத்து சீட்டிலிருந்து எழுப்ப வேண்டும். எழுப்பி வலது பக்கம் உட்கார வைத்து, "அடுத்து என்ன செய்யட்டும் கேப்டன்?" என்று அவன் வாயாலேயே கேட்க வைக்க வேண்டும். அதற்கப்புறம் என்ன ஆனாலும் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

விமானத்தில் இடது சீட் கேப்டனுடையது, வலது சீட் துணை பைலட்டுடையது. தரையில் வண்டியைத் திருப்புகிற கைப்பிடிகூட அவள் ஓட்டுகிற விமானத்தில் இடது பக்கம் மட்டும்தான் இருக்கும். மரக்காணத்தில் உப்பளம் குத்தகை எடுத்துப் பண்ணுகிற பலராமனுக்கும் பாப்பாத்திக்கும் பிறந்தவள், அந்தக் கைப்பிடியைத் தொடுவதற்குப் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. வேலை பார்த்தது தென்றல் ஏர் என்ற சின்னக் கம்பெனியில். இறக்கையில் காத்தாடி சுற்றுகிற சின்ன விமானங்கள். சேலம், தூத்துக்குடி, புதுச்சேரி என்று பெரிய கம்பெனிக்காரன் எட்டிப் பார்க்காத ஊருக்கெல்லாம் போகும். அதில் இரண்டு பிள்ளை பெற்று, இரண்டு தடவையும் பறக்காமல் வீட்டில் உட்கார்ந்து, திரும்பி வந்து பரீட்சை எழுதி, தோளில் கேப்டனுக்குரிய நாலு பட்டை வாங்கினாள். வாங்கி முழுசாக ஒரு வருஷம் ஆகவில்லை. அதற்குள் தென்றலை ஸ்வர்ணா ஏர்வேஸ் வாங்கப் போகிறது என்று செய்தி வந்துவிட்டது.

இரண்டு கம்பெனி ஒன்றானால் பைலட்டுகளையும் ஒரே வரிசையில் நிறுத்த வேண்டும். யார் சீனியர், யார் ஜூனியர் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. சீட், ஊர், லீவு, சம்பளம், தீபாவளிக்கு வீட்டில் இருப்பதா கவுகாத்தியில் இருப்பதா என்பது வரைக்கும். எங்கேயும் சேர்ந்த தேதியை வைத்துத்தான் இந்த வரிசையைப் போடுவார்கள். இன்றைக்குச் சேர்ந்தவன், நாளைக்குச் சேர்கிறவனுக்கு ஆயுசு முழுக்க சீனியர். அதில் ஒரு நியாயம் இருக்கிறது, யாரும் வாய் திறக்க முடியாது. தென்றல் பைலட்டுகள் சார்பில் பேசப் போனவர் அவர்கள் கமிட்டித் தலைவர் கேப்டன் சிவஞானம். போனவர் என்ன செய்தார் தெரியுமா? சேர்ந்த தேதி வேண்டாம், பறந்த மணி நேரத்தை வைத்து வரிசை போடலாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார். அவருக்குத்தான் மணி நேரம் மலை மாதிரி இருக்கிறதே. அது போக, புதுக் கம்பெனியில் பைலட்டுகளுக்குப் பயிற்சி கொடுக்கும் தலைவர் பதவியும் அவருக்கு என்று பேச்சு. பிள்ளை பெற்ற பெண்கள், உடம்பு முடியாமல் படுத்தவர்கள், எல்லாரும் வரிசையில் சரசரவென்று கீழே இறங்கினார்கள். கீதாஞ்சலிக்கு நாலு பட்டை மூன்றாகும். மறுபடி வலது சீட். மறுபடி எப்போது இடது சீட் என்று கேட்டால் அவளுக்கு அம்பது வயசு ஆகும்போது என்றார்கள்.

அந்தச் சேதி வந்தபோது அவள் லீவில் ஊருக்கு வந்திருந்தாள். அப்பாவோடு பாத்தி வரப்பில் நின்றுகொண்டிருந்தாள். வெயில் உப்பில் பட்டுக் கண் கூசியது. அங்கிருந்தே சிவஞானத்துக்குப் போன் போட்டாள்.

"சார், நீங்க எங்க ஆளா, அவங்க ஆளா?"

"கணக்குன்னா கணக்குதாம்மா. நான் என்ன பண்றது?" என்றார் அவர். பிறகு சிரித்தார். "உன்னை யாரு ரெண்டு பெத்துக்கச் சொன்னது?"

அந்தச் சிரிப்புதான். வேறு எதையாவது சொல்லியிருந்தால்கூட அவள் அழுது தீர்த்துவிட்டு விட்டிருப்பாள். அந்தச் சிரிப்பு அவள் வயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது. கூடையோடு அந்தப் பக்கம் வந்த பாப்பாத்தி மகள் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாடி ஆச்சு? எவன் இன்னா சொன்னான்?" என்று கேட்டாள். "என் வேலைக்கு உலை வச்சிட்டாம்மா" என்று மட்டும்தான் அவளால் சொல்ல முடிந்தது. யார் என்று சொல்லப் பல்லைக் கடித்த வாய் திறக்கவில்லை.

பாப்பாத்தி கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிற பொம்பளையா? மறுநாள் காலையில் முதல் பஸ் பிடித்து விருத்தாசலம் போய்விட்டாள். அங்கே கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுகிற வழக்கம் இருக்கிறது. போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கிற மாதிரியே சாமிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். நம்ம பேர், நம்ம ஊர், யார் நமக்குக் கெடுதல் பண்ணினான், அவன் பேர், அவன் ஊர், என்ன பண்ணினான், எல்லாம் எழுதி முனியப்பர் வேலில் கட்டிவிட்டு வந்தால் சாமி விசாரிக்கும். காரியம் முடிந்ததும் மறக்காமல் போய் பிராதை வாபஸ் வாங்கிவிட வேண்டும். பாப்பாத்தி சாயங்காலம் வந்து, காலை நீட்டி உட்கார்ந்து, நெற்றி நிறைய விபூதியோடு சொன்னாள்.

"கட்டிட்டேன். அவனுங்க இனிமே எப்படிப் பறக்கறானுங்கன்னு பாக்கறேன்."

"யார் பேருல கட்டின? உனக்குத்தான் பேரு தெரியாதே?"

"பேரு தெரியலன்னா விட்டுடுவனா? கம்பெனி பேரு தெரியுமில்ல. தென்றல் கம்பெனி ஏரோப்ளேன் ஒண்ணுகூட வானத்துல ஏறக் கூடாதுன்னு எழுதச் சொன்னேன்."

கீதாஞ்சலி தலையில் கை வைத்துக்கொண்டாள். "அம்மா! அது நான் ஓட்டுற கம்பெனி!"

பாப்பாத்தி ஒரு நிமிஷம் திருதிருவென்று முழித்தாள். பிறகு, "சாமிக்குத் தெரியாதா, யாரை விடணும் யாரைப் புடிக்கணும்னு?" என்று முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து போனாள். பலராமன் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டார்.

சரி, அம்மா ஒரு பிராது கட்டினாள். மகளும் ஒன்று கட்டினாள். அது தில்லியில்.

பெரிய கம்பெனி இன்னொன்றை வாங்குவது என்றால் போட்டி ஆணையம் சரி சொல்ல வேண்டும். சந்தேகம் வந்தால் ஊரறிய அறிவித்து, பாதிக்கப்படுகிறவர்கள் எழுதலாம் என்று சொல்லும். தென்றல் பைலட்டுகள் நிறையப் பேர் எழுதினார்கள். வீட்டுக் கடன், பிள்ளை படிப்பு, வயசான அப்பா அம்மா என்று எழுதினார்கள். பாவம், அழுதுதான் எழுதியிருப்பார்கள். ஆனால் ஆணையம் பார்க்கிற விஷயம் அதுவல்ல. போட்டி குறைகிறதா, குறைந்தால் யாருக்கு நஷ்டம் என்றுதான் அது கேட்கும்.

கீதாஞ்சலிக்கு அது புரிந்தது. மரக்காணத்துப் பெண்ணுக்குப் புரியாமல் என்ன? சின்ன வயசில் உப்பு வாங்க இரண்டு வியாபாரிகள் வருவார்கள். ஒருத்தன் விலையைக் குறைத்தால் அப்பா இன்னொருத்தன் லாரியைக் கூப்பிடுவார். ஒரு வருஷம் இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து அவர்கள் சொன்னதுதான் விலை. உப்பு விற்கிறவனுக்கு வந்த கதைதான் உழைப்பை விற்கிறவனுக்கும் என்று எழுதினாள். அதோடு நிற்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்த ஒன்றையும் சேர்த்து எழுதினாள். அப்போது அவள் ஸ்வர்ணாவில் வேலை கேட்டு இன்டர்வியூவில் தேறியிருந்தாள். இரண்டாம் நாள் சிவஞானம் போன் பண்ணினார். "அவங்க ஆளை நாங்க எடுக்க மாட்டோம், எங்க ஆளை அவங்க எடுக்க மாட்டாங்க. மேல பேசி வச்சிருக்கோம். சத்தம் போடாம வேலையப் பாரு" என்றார். ஸ்வர்ணாக்காரனும் அப்புறம் போனை எடுக்கவே இல்லை. ஒன்று சேருவதற்கு முன்னாலேயே இரண்டு கம்பெனியும் ஆளை அமுக்கி வைக்கப் பேசி வைத்திருக்கிறார்கள், ஒன்று சேர்ந்துவிட்டால் கேட்கவா வேண்டும்? அவர் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதி, தன் பேரை வெளியே விட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, பிரமாணம் செய்து அனுப்பினாள்.

அந்த அடி விழுந்த இடம் சரியான இடம். ஆணையம் இரண்டு கம்பெனியையும் கூப்பிட்டு நோண்டி நோண்டிக் கேட்டது. இன்னின்ன விளக்கம் கொடு, இந்தச் சேர்க்கையை ஏன் தடுக்கக் கூடாது என்று சொல்லு என்றது. மாசக்கணக்கில் இழுத்தது. கடைசியில் ஸ்வர்ணா, எங்களுக்கு இந்த வம்பே வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டது. சிவஞானத்தின் தலைவர் பதவி காற்றில் போனது. கீதாஞ்சலி அன்றைக்கு உப்பளத்து வரப்பில் தனியாக நின்று, வாய்விட்டு, வயிறு வலிக்கச் சிரித்தாள். யாரு ரெண்டு பெத்துக்கச் சொன்னதா? இப்போ சிரிடா என்றாள்.

சிரிப்பு ரொம்ப நாள் நிற்கவில்லை. ஸ்வர்ணா பணம் வரும் என்ற நம்பிக்கையில்தான் தென்றல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. வராது என்று தெரிந்ததும் வாடகைக்கு விமானம் விட்டவர்கள் வந்து ஒவ்வொன்றாக ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். தென்றல் கம்பெனி ஏரோப்ளேன் ஒன்றுகூட வானத்தில் ஏறவில்லை. பாப்பாத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அப்பன் கண்ணத் தொறந்துட்டான் பாத்தியா!" என்றாள். சம்பளம் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த மகளிடம்தான் சொன்னாள்.

ரோட்டுக்கு வந்தவர்களில் பக்கத்து ஊர் அனுமந்தைப் பையன் சிலம்பரசனும் ஒருத்தன். மீன்பிடிக்கிற குடும்பம். அவன் அப்பா போட்டை விற்றுத்தான் பைலட்டுக்குப் படிக்க வைத்தார். துணை பைலட்டாகச் சேர்ந்து ஆறு மாசம்கூடப் பறக்கவில்லை. இப்போது டாக்சி ஓட்டுகிறான். ஆரோவில் வெள்ளைக்காரர்களைப் புதுச்சேரி ஏர்போர்ட்டிலிருந்து ஏற்றிக்கொண்டு போகிறான். "பைலட்டுதாங்க்கா, ஆனா நாலு சக்கரம்" என்று சிரிப்பான். அவளை அக்கா என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவன். எந்த நாய் அந்தப் புகாரைக் கொடுத்ததோ அது நாசமாகப் போக என்று அவளிடமே ஒரு தடவை சொன்னான். கீதாஞ்சலிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

வங்கக்கரை ஏர் என்று ஒரு புதுக் கம்பெனி, அதே மாதிரிக் காத்தாடி விமானங்களோடு ஆரம்பித்தபோது அவள் முதல் வாரமே போய்ச் சேர்ந்தாள். நாலு பட்டை திரும்ப வந்தது. சிவஞானமோ, ஸ்வர்ணா கூப்பிடும் கூப்பிடும் என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்வர்ணா கூப்பிடவில்லை. அவர் வங்கக்கரைக்கு வந்தபோது கேப்டன் இடமெல்லாம் நிரம்பிவிட்டது. இடம் காலியாகும் வரை வலது சீட்தான், விருப்பம் இருந்தால் சேருங்கள் என்றார்கள். வேறு வழியில்லாமல் சேர்ந்தார். வங்கக்கரையில் வரிசை, சேர்ந்த தேதிப்படி. கீதாஞ்சலி, யாரோடு யார் பறப்பது என்று ரோஸ்டர் போடும் ரேணுகாவிடம், "அந்த ஆளை ஒரு நாள் எனக்குப் போடுப்பா" என்று தேன் ஒழுகக் கேட்டாள்.

அந்த நாள் வந்தது. ஐதராபாத்திலிருந்து புதுச்சேரி. கீதாஞ்சலி காக்பிட்டுக்குள் நுழைந்தால், சிவஞானம் இடது சீட்டில் உட்கார்ந்து சாவகாசமாக பெல்ட் மாட்டிக்கொண்டிருக்கிறார்! வேண்டுமென்று செய்யவில்லை. முப்பது வருஷப் பழக்கம், கால் தானாக அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டது. அதுதான் அவளுக்கு இன்னும் இனித்தது. அவள் வாசலிலேயே நின்றாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. முகம் செத்துப் போனது.

"எழுந்திரிங்க. அது என் சீட்டு" என்றாள்.

அவர் எழுந்தார். அந்தச் சின்ன இடத்தில், தலை இடிக்காமல் குனிந்து, அவளைத் தாண்டி, வலது பக்கம் போக வேண்டியிருந்தது. அவள் அரை அடிகூட நகர்ந்து வழி விடவில்லை. அவர் உட்கார்ந்ததும், "வெளிய போய் வண்டியைச் சுத்திப் பாத்துட்டு வாங்க. டயரை நல்லாப் பாருங்க" என்றாள். அது துணை பைலட் வேலை. இப்போதுதான் உட்கார்ந்த மனுஷன் மறுபடி எழுந்து போனார். கண்ணாடி வழியாக அவர் வெயிலில் குனிந்து குனிந்து பார்ப்பதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்பாடா என்று இருந்தது. இத்தனை நாள் வயிற்றில் கிடந்தது ஜில்லென்று இறங்கியது.

திரும்பி வந்தவர், "லேண்டிங் நான் பண்ணட்டுமா?" என்று கேட்டார். துணை பைலட்டுக்கு லேண்டிங் கொடுப்பது கேப்டன் இஷ்டம்.

"வேணாம். இன்னிக்கு ரெண்டும் என்னுது. டேக்ஆஃப், லேண்டிங் ரெண்டும்."

மேலே ஏறி, விமானம் தானாக ஓட ஆரம்பித்ததும் சிவஞானம் பேசினார். குரல் தாழ்ந்திருந்தது, ஆனால் பணிந்திருக்கவில்லை.

"கீதா, தில்லிக்கு எழுதினது நீதான்."

அவள் எரிபொருள் அளவைப் பார்த்துக் குறித்துக்கொண்டாள்.

"விசாரணையில எங்க பக்கத்து வக்கீல் அந்தப் புகாரோட காப்பியைக் குடுத்தாரு, எழுதினவங்க பேரு மட்டும் இல்லாம. அதுல நான் பேசினது அப்படியே இருந்தது. 'சத்தம் போடாம வேலையப் பாரு.' அதை நான் உங்கிட்ட மட்டும்தான் சொன்னேன்."

"மேல மைக் இருக்கு. பேசறது எல்லாம் பதிவாகுது."

"ஆகட்டும். விமானம் விழுந்தாத்தான் எவனாவது எடுத்துக் கேப்பான்." அவர் அதே சிரிப்பைச் சிரித்தார். "நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லல. ஏன் தெரியுமா? தேவைப்படும்னு வச்சிருந்தேன். நம்ம பழைய பசங்க வாட்ஸப் குரூப்ல எல்லாரும் இன்னும் இருக்கானுங்க. பாதிப் பேருக்கு வேலை இல்ல. மீதிப் பேரு இந்தக் கம்பெனியிலதான் இருக்கானுங்க. ஒரு வரி போட்டா போதும். உன் பக்கத்துல எவனும் உக்காரமாட்டான். நாலு பட்டையை வச்சிக்கிட்டு நீ தனியாத்தான் பறக்கணும்."

"உங்களுக்கு என்ன வேணும்?"

"இப்ப இந்த லேண்டிங். அடுத்த மாசம் கேப்டன் இடம் ஒண்ணு காலியாகுது, அதுக்கு மேல இருக்கறவங்ககிட்ட உன் வாயால ஒரு நல்ல வார்த்தை. அப்புறம் எப்பப்ப கேக்கறனோ அப்பப்ப."

கீதாஞ்சலிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்து வலது பக்கம் போனாலும் இந்த ஆள் எழுந்து போகவே இல்லை. அவள் உட்கார்ந்திருக்கிற சீட்டுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டிருக்கிறான். இன்றைக்கு லேண்டிங் கொடுத்தால் இனி ஆயுசுக்கும் இவன் சொல்கிற பக்கம்தான் திருப்ப வேண்டும். கொடுக்காவிட்டால் சிலம்பரசன் முகத்தைப் பார்க்க வேண்டும். சிலம்பரசன் ஒருத்தன் மட்டுமா, அத்தனை பேர் முகத்தையும். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. நிஜமாகவே பயமாக இருந்தது.

"சொல்லு, லேண்டிங் யாருது?"

விமானம் இறங்கத் தொடங்கியிருந்தது. "பத்தாயிரம் அடி" என்றாள் கீதாஞ்சலி. "இதுக்குக் கீழ வேற பேச்சு பேசக் கூடாது. முப்பது வருஷ சர்வீஸ், நான் சொல்லித் தரணுமா? லேண்டிங் என்னுது. சக்கரத்தை இறக்கச் சொல்றப்ப இறக்குங்க."

அவர் வாயை மூடிக்கொண்டார். அது அவர் ரத்தத்தில் ஊறின விதி, அதை மட்டும் அவரால் மீற முடியவில்லை. கீழே மரக்காணம் வந்தது. வெள்ளையும் பழுப்புமாகப் பாத்திகள். அதில் எங்கேயோ அப்பா நின்றுகொண்டிருப்பார். அவள் கீழே பார்க்கவில்லை, ஓடுதளம் வருகிற பக்கமே கண்ணை வைத்திருந்தாள். புதுச்சேரி ஓடுதளத்தில் பூப்போல இறக்கினாள். கைப்பிடியைப் பிடித்து வண்டியைத் திருப்பி, நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்தாள். பின்னால் பயணிகள் எழுந்து பையை இழுக்கிற சத்தம் கேட்டது.

சிவஞானம் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். கீதாஞ்சலி அதற்கு முன்னாலேயே எடுத்திருந்தாள். பழைய குரூப்பில் தட்டினாள். 'ஸ்வர்ணா-தென்றல் சேரக் கூடாதுன்னு தில்லிக்கு எழுதினது நான்தான், கீதாஞ்சலி. சிவஞானம் நம்மளை வித்ததால எழுதினேன். கம்பெனி மூடும்னு நினைக்கல. திட்டணும்னா என்னைத் திட்டுங்க. ஆனா இதை வச்சு என்னை மிரட்டினவர் இப்ப என் வலது பக்கத்துல உக்காந்திருக்கார், அவரையும் மறந்துடாதீங்க.' அனுப்பிவிட்டு போனை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

அவர் படித்தார். தட்டத் தூக்கின விரல் அப்படியே நின்றது. வைத்திருந்த ஒரே ஆயுதம் கையிலிருக்கும்போதே செல்லாமல் போய்விட்டது. அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே! அதற்காகவே இன்னும் நாலு தடவை வேலையைப் பறிகொடுக்கலாம் என்று இருந்தது அவளுக்கு.

போன் அதிர ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, பத்து. அவள் எதையும் திறக்கவில்லை. ஒன்றை மட்டும் திறந்தாள். ஏர்போர்ட் வாசலில் வண்டியோடு நிற்கிறவன், புதுச்சேரி வரும்போதெல்லாம் அவளை மரக்காணத்துக்குக் கொண்டுபோய் விடுகிறவன், அனுப்பியிருந்தான்.

'இன்னிக்கு பஸ்ல போயிக்கங்க.'

அக்கா என்று இல்லை. அவள் திரும்பத் திரும்பப் படித்தாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அதை அந்த ஆள் பார்க்கக் கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பி, இமையை அழுத்தித் துடைத்தாள்.

அப்போது பாப்பாத்தி போன் பண்ணினாள். "எறங்கிட்டியா? நாளைக்கு லீவுதானே. விருத்தாசலம் போய்ப் பிராதை வாபஸ் வாங்கிட்டு வந்துடலாம்டி. கம்பெனியும் போச்சு, உனக்கு வேற வேலையும் வந்துடுச்சு. வாங்காம வச்சிருந்தா நம்ம பக்கமே திரும்பிடும்."

"வாங்கிடலாம்மா. அந்தப் பிராது தப்பான ஆளு மேல கட்டினது, யார் யாரோ அடிபட்டுட்டாங்க. அதை வாங்கிட்டு, அங்கயே புதுசா ஒண்ணு எழுதிக் கட்டிட்டு வரலாம். இந்தத் தடவை பேரு, ஊரு எல்லாம் சரியா எழுதணும்."

"பேரு சொல்லு, ஞாபகம் வச்சிக்கறேன்."

"சிவஞானம்."

"ஊரு?"

கீதாஞ்சலி போனைக் காதிலிருந்து எடுக்காமல் வலது பக்கம் திரும்பினாள். ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்.

"சார், உங்க சொந்த ஊரு எது?"